சேறு, மேகம், குதிரை: சலென்டோ போகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கொலம்பியாவின் காபி நாட்டில் சலென்டோ என்ற மலையூரிலிருந்து கொகோரா பள்ளத்தாக்கு வழியாக மேகக்காட்டுக்குக் குதிரையில் போகலாம் என்று சென்ற இதழில் இரண்டே வரி எழுதியிருந்தோம். முதுகுப்பையோடு கிளம்பத் தயாராக இருப்பவர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கே: 'காபித் தோட்டத்துக்கு நடுவே மழைக்காட்டில் குதிரைச் சவாரி' என்று விளம்பரங்களில் வருகிறது. இரண்டும் ஒரே இடத்திலா இருக்கின்றன? (மதுரை வாசகி)

இல்லை. காபி கீழே, காடு மேலே. அந்த வட்டாரத்தில் காபி பெரும்பாலும் 1,000 மீட்டருக்கும் 2,000 மீட்டருக்கும் இடையே விளைகிறது. சலென்டோ ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். காபித் தோட்டங்கள் ஊருக்குக் கீழே சரிவுகளில் இருக்கின்றன. கொகோரா பள்ளத்தாக்கோ எதிர்ப்பக்கம், 2,400 மீட்டரில். அந்தக் குளிரில் காபி சரியாக வராது. அங்கே பசுமாடு மேயும் புல்வெளியும் நெடிய மெழுகுப் பனைகளும்தான். ஆற்றோரமாக இன்னும் மேலே ஏறினால்தான் காடு தொடங்கும். அதனால் தோட்டத்துக்கு ஒரு நாள், காட்டுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டையும் காட்டுகிறேன் என்பவர் இரண்டையும் பாதியாகத்தான் காட்டுவார்.

மழைக்காடு என்றதும் அமேசான் புழுக்கத்தை நினைக்காதீர்கள். நம் நீலகிரிச் சோலைகளை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிட ஈரமாக. பகலில் பள்ளத்தாக்கில் சூடான காற்று மேலே ஏறிக் குளிர்ந்து மேகமாகி மரங்களுக்குள்ளேயே நுழைந்துவிடும். கிளைகளில் தொங்கும் பாசியும் மரத்தில் தொற்றி வளரும் செடிகளும் அந்த மேகத்தைப் பிழிந்து தண்ணீராக்குகின்றன. மழையே பெய்யாத நாளிலும் காட்டுக்குள் சொட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். பாதை காயாமல் இருப்பதும் அதனால்தான்.

கே: எப்போது போகலாம்? எப்படிப் போய்ச் சேருவது? (ஈரோடு வாசகர்)

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, அல்லது ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை மழை குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறோம், இல்லை என்று சொல்லவில்லை. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பாதை உளையாகிவிடும். அர்மேனியா அல்லது பெரெய்ரா நகரத்திலிருந்து பேருந்தில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் சலென்டோ. (இந்த அர்மேனியா கிண்டியோ மாநிலத்தின் தலைநகர். விமான டிக்கெட் எடுக்கும்போது அந்தப் பெயரில் இருக்கும் நாட்டைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்.)

சலென்டோ சதுக்கத்திலிருந்து கொகோராவுக்குப் 11 கிலோமீட்டர். வில்லிஸ் ஜீப்பில் அரை மணி நேரம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்க ராணுவத்தில் மிஞ்சிய ஜீப்புகள் இங்கே வந்து கோவேறு கழுதைகளின் சுமையை எடுத்துக்கொண்டன. ஒரு ஜீப் நிறைய ஏற்றிய சுமைக்கு 'யிப்பாவ்' என்று பெயரிட்டு அதை ஓர் அளவையாகவே வைத்திருக்கிறார்கள், நம்மூரில் ஒரு வண்டி வைக்கோல் என்பதுபோல. முடிந்தவரை முதல் ஜீப்பைப் பிடியுங்கள். மதியத்துக்குள் மேகம் இறங்கி எல்லாவற்றையும் மூடிவிடும். குதிரையும் காலையில்தான் புத்துணர்ச்சியோடு இருக்கும்.

கே: கொடைக்கானல் ஏரிக்கரையில் பத்து நிமிடம் குதிரையில் சுற்றியதுதான் என் அனுபவம். அது போதுமா? (திருச்சி வாசகர்)

பத்து நிமிடம் குதிரையில் பயப்படாமல் இருந்தீர்களே, அது ஒரு தொடக்கம். ஆனால் அங்கே தரை தார்ச்சாலை, குதிரையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்திருப்பார். இங்கே நான்கைந்து மணி நேரம் ஏற்றம், இறக்கம், சேறு, ஆறு. கற்றுக்கொள்ள வேண்டியது அதிகமில்லை. ஆனால் அவற்றைத் தப்பாகச் செய்தால் குதிரைக்கும் வலிக்கும், உங்களுக்கும் வலிக்கும்.

ஏறும்போது குதிரையின் இடப்பக்கம், அதுவும் சரிவில் நின்றால் மேட்டுப்பக்கம் உங்களுக்கு இருக்கும்படி நிறுத்தச் சொல்லுங்கள். லகானையும் ஒரு பிடி பிடரிமயிரையும் இடக்கையில் பிடித்துக்கொண்டு ஏறி, சேணத்தில் மெதுவாக அமருங்கள். பொத்தென்று விழுந்தால் அதன் முதுகெலும்பு அதை வாங்கிக்கொள்ளும். அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையம்) பாதத்தின் முன்பகுதி மட்டும் இருக்க வேண்டும், குதிகால் கீழே இறங்கியிருக்க வேண்டும். முழுப்பாதத்தையும் உள்ளே நுழைத்தால், விழும்போது கால் சிக்கிக்கொண்டு குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். அந்தப் பகுதியில் முன்பக்கம் மூடிய, பித்தளையில் வார்த்த செருப்புபோன்ற அங்கவடி சில சேணங்களில் இருக்கும். இருந்தால் அந்தச் சேணத்தையே கேளுங்கள், கால் உள்ளே வழுக்கிப் போகாது.

ஏற்றத்தில் உடலைச் சற்று முன்னே சாய்த்து, பிடரிமயிரைப் பிடித்துக்கொள்ளுங்கள். லகானைப் பிடித்துத் தொங்கக் கூடாது, அந்த இழுப்பு நேரே அதன் வாய்க்குப் போகும். இறக்கத்தில் நிமிர்ந்து, இடுப்பைத் தளர்த்தி, குதிகாலை இன்னும் அழுத்துங்கள். ரொம்பப் பின்னால் மல்லாந்துவிட்டால் அதன் பின்கால்கள் மடங்கி ஊன்ற இடமிருக்காது. இரண்டிலும் பொதுவானது ஒன்று: லகானைத் தளர விடுங்கள். வழுக்கும் இடத்தில் குதிரை தலையைத் தாழ்த்தித் தரையைப் பார்க்கும், கழுத்தை ஆட்டிச் சமநிலை பிடிக்கும். புதிதாக ஏறியவர் பயத்தில் அப்போதுதான் லகானை இறுக்குவார். கண்ணைக் கட்டி மாடிப்படி இறங்கச் சொல்வதற்கு அது சமம்.

காட்டுப்பகுதியில் பாதை பல இடங்களில் இடுப்பளவு, சில இடங்களில் தோளளவு வாய்க்காலாகக் குடைந்திருக்கும். பல தலைமுறைக் குளம்புகள் மிதித்து, மழை அரித்து உண்டானது. தரையில் படிக்கட்டுபோலக் குழிகள் இருக்கும். குதிரை ஒவ்வொரு குழியிலும் எண்ணி எண்ணிக் கால் வைக்கும். குறுக்குவழியில் திருப்பப் பார்க்காதீர்கள். பக்கச் சுவரில் முழங்கால் உரசப்போகிறது என்றால் காலை வெளியே நீட்டி உதைக்காமல், குதிரையின் தோளோடு முன்னே தூக்கிக்கொள்ளுங்கள். கையால் மண்சுவரை லேசாகத் தள்ளினால் போதும்.

நடப்பவர்களுக்கு ஆற்றின் குறுக்கே தொங்குபாலங்கள் உண்டு. குதிரை தண்ணீரில் இறங்கித்தான் போகும். தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றும், எதிர்க்கரையைப் பாருங்கள். நடு ஆற்றில் குதிரை நின்று முன்காலால் தண்ணீரை அறைந்தால் அது விளையாட்டு என்று ரசிக்க வேண்டாம். படுத்துப் புரளப்போகிறது என்று அர்த்தம். உடனே இரண்டு குதிகாலாலும் தட்டி முன்னே நகர்த்துங்கள்.

கே: என் எடை 86 கிலோ. தோளில் 9 கிலோ முதுகுப்பை. குதிரை தாங்குமா? (கோலாலம்பூர் வாசகர்)

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆள், சேணம், பை எல்லாம் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது குதிரை வளர்ப்பவர்கள் பரவலாகக் கொள்ளும் அளவு. கொலம்பிய நாட்டுக் குதிரை சிறியது. 350 கிலோ என்று வையுங்கள். அதில் 20 சதவீதம் 70 கிலோ. சேணமும் கீழ்விரிப்பும் 12 கிலோவைத் தின்றுவிடும். ஆளுக்கு மிஞ்சுவது 58. பெரிய குதிரை, 450 கிலோ கிடைத்தால்கூட 78தான். நீங்கள் பையோடு 95.

சமதரையில் அரை மணி நேரம் என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். சேற்றில் மேலேறும் நான்கு மணி நேரத்துக்கு வேண்டாம். எங்கள் யோசனை, நடந்தே போங்கள். கொகோராவில் முழுச் சுற்று 12 கிலோமீட்டர் சுமார், ஐந்து ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். குதிரைக்காரர் 'பரவாயில்லை, தாங்கும்' என்பார். குதிரையைக் கேட்டால்தானே தெரியும்!

மற்றவர்களுக்கும் சொல்கிறோம்: முதுகுப்பையை விடுதியில் பூட்டி வையுங்கள். தோளில் கனமான பை இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் அது பின்னால் இழுக்கும், இறக்கத்தில் முன்னால் தள்ளும். தண்ணீர் ஒரு லிட்டர், ஒரு கம்பளிச்சட்டை, மழைக்கோட்டு, அவ்வளவுதான்.

கே: குதிரை நல்ல நிலையில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நமக்கு ஒன்றும் தெரியாதே! (யாழ்ப்பாண வாசகி)

ஐந்து நிமிடம் போதும். பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்யுங்கள்.

முதலில் பத்தடி நடத்திக் காட்டச் சொல்லுங்கள். குதிரை நடக்கும்போது தலை ஒரே சீராக அசைய வேண்டும். ஒரு முன்கால் தரையில் படும்போதெல்லாம் தலை மேலே துள்ளினால், அந்தக் காலில் நோவு இருக்கிறது. பிறகு சேணம் போடுவதற்கு முன்பே போய் நில்லுங்கள். போட்டுவிட்டிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். பிடரி முடியும் இடத்தில் ஒரு மேடு இருக்கும். அதன் மேலும், முதுகின் இருபுறமும், முன்காலுக்குப் பின்னால், சேணத்தை இறுக்கிக் கட்டும் வயிற்றுவார் உரசும் இடத்திலும் உள்ளங்கையால் தடவுங்கள். முடி கொட்டிய திட்டு, ஈரப்புண், விரல் பட்டதும் முதுகைக் கீழே வளைத்துக் கொள்ளுதல், காதைப் பின்னால் மடக்குதல், எதுவாக இருந்தாலும் அந்தக் குதிரை வேண்டாம். வெள்ளை முடி முளைத்த திட்டு பழைய புண் ஆறிய தழும்பு. அதை மட்டும் வைத்து நிராகரிக்க வேண்டியதில்லை, ஆனால் அந்த இடத்தில் விரிப்பு சுருக்கமில்லாமல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தோளில் தோலை இரு விரலால் கிள்ளி இழுத்து விடுங்கள். ஒரு நொடியில், அதிகம் போனால் இரண்டு நொடியில் படிய வேண்டும். அதற்கு மேல் மடிப்பாகவே நின்றால் குதிரை தண்ணீர் குடிக்கவில்லை. விலா எலும்பு லேசாகத் தெரிந்தால் பரவாயில்லை. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டிருந்தால் விலகிவிடுங்கள். லாடத்தையும் ஒருமுறை பாருங்கள். ஆணி வெளியே நீட்டியிருக்கக் கூடாது, லாடம் ஆடக் கூடாது.

கடைசியாக வயிற்றுவார். பல குதிரைகள் வார் கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும். அது அதன் தந்திரம். பத்து நிமிடம் நடந்தபின் காற்று இறங்கி வார் தொளதொளவென்றாகும். அப்போது நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். வாருக்கும் உடலுக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும், கை நுழையக் கூடாது. ஏற்றத்தில் சேணம் பின்னால் சரியாமல் இருக்க மார்பு வாரும், இறக்கத்தில் கழுத்துப் பக்கம் சரியாமல் இருக்க வாலுக்கடியில் போகும் வாரும் தேவை. இரண்டும் இல்லாத சேணத்தோடு மலைக்குப் போகாதீர்கள்.

வேறு குதிரை கேட்க வெட்கப்பட வேண்டாம். 'ஓட்ரோ கபாயோ, போர் ஃபவோர்' என்றால் போதும். வேகமாகப் போகும் கூட்டத்தைத் தடுக்க 'மாஸ் தெஸ்பாசியோ', மெதுவாக என்று பொருள். வார் தளர்ந்துவிட்டால் அதைக் காட்டி 'சிஞ்சா' என்று சொல்லுங்கள். நான்கு மணி நேரத்துக்கு இந்த மூன்றுமே தாராளம்.

கே: என்ன உடுத்திக்கொள்வது? குடை எடுத்துப் போகலாமா? (கோவை வாசகி)

குடை கூடாது. குதிரைக்கு உலகத்திலேயே பிடிக்காத பொருள்களில் தலைக்கு மேல் பட்டென்று விரியும் குடைக்கு முதலிடம். அடுத்த இடம் காற்றில் படபடக்கும் பிளாஸ்டிக் மழைக்கோட்டு. அதனால் மழைக்கோட்டைக் குதிரை மேல் உட்கார்ந்துகொண்டு போட முயலாதீர்கள். வானம் கறுத்தால் இறங்கி, குதிரைக்கு எதிரே நின்று அது பார்க்கும்படி போட்டுக்கொண்டு, ஓரங்களை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறுங்கள். உள்ளூர்க்காரர்கள் போடும் ருவானா என்ற கம்பளிப் போர்வை கனமாக, படபடக்காமல் தொங்குவதில் காரணம் இருக்கிறது.

கால்சட்டை தொடையோடு ஒட்டியதாக, உட்புறத் தையல் தடிப்பில்லாததாக இருக்கட்டும். ஜீன்ஸின் தடித்த தையல் இரண்டு மணி நேரத்தில் தோலை உரித்துவிடும். முழங்கால் வரை காலுறை. காலணிக்கு ஒரு சென்டிமீட்டராவது குதிகால் வேண்டும், செருப்பு கூடவே கூடாது. சலென்டோவில் விடுதிகளில் ரப்பர் பூட்ஸ் வாடகைக்குக் கிடைக்கும். சேற்றுக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் அகலமான பூட்ஸ் அங்கவடியில் சிக்கும், இருபுறமும் ஒரு விரல் இடைவெளி இருக்கிறதா என்று ஏறும் முன்பே பாருங்கள். தலைக்கவசம் கேளுங்கள். எல்லாரிடமும் இருக்காது. பயணக் காப்பீட்டில் குதிரைச் சவாரி சேர்த்தியா என்பதையும் வீட்டிலேயே படித்துவிட்டுப் போங்கள்.

கே: காணொளியில் பார்த்தேன், அந்தக் குதிரைகள் ஓடுவது மாதிரியும் இல்லை, நடப்பது மாதிரியும் இல்லை. டகடகவென்று என்ன நடை அது? (சேலம் வாசகர்)

கொலம்பிய நாட்டுக் குதிரைக்குப் பிறவியிலேயே வரும் நடைகள் அவை. சாதாரணக் குதிரை தொங்கோட்டம் ஓடும்போது மூலைவாட்டில் இரண்டிரண்டு கால்கள் ஒன்றாகத் தரையில் படும், சவாரி செய்பவர் தூக்கித் தூக்கிப் போடப்படுவார். பாசோ ஃபினோ நடையில் நான்கு கால்களும் தனித்தனியே, சம இடைவெளியில் தட்டும். அதனால் முதுகு ஏறக்குறைய அசையாது. ட்ரோச்சா என்பது இரண்டுக்கும் நடுவில். மூலைக்கால்கள் சேர்ந்தாற்போல் வந்தும் மிகச் சிறு இடைவெளியில் தனித்தனியே விழும். வாடகைக் குதிரைகளில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இந்த ட்ரோச்சாதான். எழுந்து எழுந்து உட்கார வேண்டாம், இடுப்பைத் தளர்த்தி அமர்ந்திருந்தால் அதுவே சுகமாகக் கொண்டுபோகும்.

கே: ஒன்பது வயது மகளை என் முன்னால் உட்கார வைத்துக்கொள்ளலாமா? (சிங்கப்பூர் வாசகர்)

கூடாது. குதிரை இடறினால் நீங்கள் அவள் மேல்தான் விழுவீர்கள். அவளுக்குத் தனிக் குதிரை, அளவுக்குச் சுருக்கிய அங்கவடி, தலைக்கவசம், குதிரையைக் கயிற்றில் பிடித்து நடந்து வர ஓர் ஆள். காடு வேண்டாம். பள்ளத்தாக்கின் அடிவாரத்தில் பனைகளுக்கு இடையே ஒரு மணி நேரம் போதும்.

கே: அந்த மெழுகுப் பனைகளுக்கிடையே பனங்கன்று ஒன்றுகூடப் படத்தில் தெரியவில்லையே? (தூத்துக்குடி வாசகர்)

பனை நாட்டுக்காரர் கண்ணுக்கு அது தப்பவில்லை பாருங்கள்! உலகிலேயே மிக உயரமாக வளரும் பனை வகை இது, 60 மீட்டர் வரைகூடப் போகும். 1985இல் சட்டம் போட்டுத் தேசிய மரமாக்கினார்கள், வெட்டத் தடை. ஆனால் கன்று நிழலில்தான் பிழைக்கும். காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கியபோது பனையை மட்டும் விட்டுவைத்தார்கள். இன்றைக்கு அங்கே விழும் விதை முளைத்தால் வெயில் கருக்கும், தப்பினால் மாடு தின்னும். படத்தில் அழகாக நிற்பவை எல்லாம் கிழட்டு மரங்கள், அவற்றுக்கு வாரிசு இல்லை. மஞ்சள் காதுக் கிளி கூடு கட்டுவதும் இந்தப் பனையின் பொந்தில்தான். கன்றுகளைப் பார்க்க வேண்டுமானால் வேலி போட்ட பகுதிகளிலும் காட்டின் நிழலிலும் தேடுங்கள். குதிரையைப் பாதை விட்டு அந்தப் பக்கம் திருப்பாதீர்கள்.

கே: குதிரை எவ்வளவு தூரம் வரும்? (வேலூர் வாசகர்)

பேசும்போதே கேட்டுவிடுங்கள். சிலர் காட்டின் விளிம்போடு திரும்பிவிடுவார்கள், சிலர் ஹம்மிங் பறவைகள் வரும் அகாய்மே என்ற இயற்கைக் காப்பகம் வரை கூட்டிப் போவார்கள். அது ஏறக்குறைய 2,770 மீட்டர் உயரம். கூலி மணிக்கணக்கா, வழிக்கணக்கா என்பதையும் தெளிவாகப் பேசுங்கள். மணிக்கணக்கு என்றால் திரும்பும்போது விரட்டுவார்கள், இறக்கத்தில் விரட்டுவதுதான் ஆபத்து. அகாய்மேயில் சூடான சாக்லேட்டோடு ஒரு துண்டுப் பாலாடைக்கட்டி தருவார்கள். அதை உள்ளே போட்டு உருகவிட்டுக் குடிப்பது அவர்கள் வழக்கம். நீங்கள் குடிக்கும் நேரத்தில் குதிரையின் வயிற்றுவாரை இரண்டு துளை தளர்த்தச் சொல்லுங்கள், ஏறும்முன் இறுக்க மறக்காமல்.

கே: காபி நாட்டில் நல்ல காபி கிடைக்குமா? (கும்பகோணம் வாசகி)

டிகிரி காபியை எதிர்பார்த்தால் ஏமாற்றம். பாலில்லாத, நீர்த்த 'டின்டோ'தான் தெருவில் கிடைக்கும். நல்ல கொட்டை பெருமளவு ஏற்றுமதிக்குப் போய்விடுகிறது. தோட்டத்திலேயே வறுத்து இடித்துத் தரும் இடத்தில் குடியுங்கள். அங்கே விளைவது அராபிகா, சிக்கரி என்ற பேச்சே இல்லை.

கே: ஊசி ஏதாவது போட வேண்டுமா? (சென்னை வாசகர்)

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கொகோராவின் உயரத்தில் அந்த நோயைப் பரப்பும் கொசு அரிது. ஆனால் நீங்கள் கடந்துபோகும் தாழ்வான பகுதிகள் அப்படியில்லை. பக்கத்து மாநிலமான டோலிமாவில் 2024 கடைசியில் தொடங்கி 2025இலும் அந்த நோய் பரவியது. இன்னொரு காரணமும் உண்டு. கொலம்பியாவிலிருந்து இந்தியா திரும்புகிறவரிடம் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களும், முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். சான்றிதழான மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து விடுதியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சேணப்பையில் வைத்தால் ஆறு கடக்கும்போது நனைந்துவிடும்.